சம்பந்தமில்லாதவர்களின் நோட்டுகள்

என் அண்ணி சொந்தப் புருஷனின் மனுவையே முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியவர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வேறு எங்கிருந்து தொடங்கினாலும் என் அண்ணன் சண்டைக்கு வருவார்.

அண்ணி திட்டத் துறையில் ஆட்சேபப் பிரிவு எழுத்தர். இரண்டாவது மாடி, நீளமான நடை, அதன் கடைசி அறை. மூன்று மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள் தெரியும் என்பதால் அதை யாரும் திறப்பதில்லை. அவர் மேசையில் விரல் நனைக்க ஒரு பஞ்சு, மை ஊறிய ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் சாய்த்துவைத்த ஒரு ரப்பர் முத்திரை. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஸ்டாம்பம்மா.

வேலை இதுதான். ஒருவர் ஆலை கட்ட வேண்டும், மணல் அள்ள வேண்டும், மரம் வெட்ட வேண்டும் என்றால் பேப்பரில் அறிவிப்பு வரும். பிடிக்காதவர்கள் படிவம் நிரப்பி ஆட்சேபம் அனுப்பலாம். படிவத்தில் ஏழாவது கட்டம்: 'அந்த நிலத்தோடு உமக்குள்ள சம்பந்தம்.' ஐம்பது மீட்டருக்குள் நிலமோ வீடோ வைத்திருப்பவர், அல்லது அங்கே குடியிருப்பவர் என்றால் மனு பதிவேட்டில் ஏறும். மற்றவர்கள் எழுதிய மனுவின் தலையில் 'மனுதாரர் சம்பந்தப்பட்டவர் அல்லர்' என்று சிவப்பு மையில் ஒரு குத்து. அடுத்த தபாலில் மனு வந்த வழியே போய்விடும். திரும்பிப் போனது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஏற்றுக்கொண்டதை எழுதத்தான் பதிவேடு.

அண்ணி கறாரான மனுஷி. வீட்டிலும் அப்படித்தான். துவைத்த துணியைக் கூட ஆளாளுக்கு அடுக்கி, மேலே யாருடையது என்று சீட்டு வைப்பார். நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதால் சாயங்காலம் என் வாய்க்கு ஓய்வு கிடையாது. அண்ணியைச் சீண்டுவதுதான் என் பொழுதுபோக்கு. அவரும் சளைத்தவர் அல்ல. நான் சமையலில் குறை சொன்னால், "நீ இந்த அடுப்புலேர்ந்து ஐம்பது மீட்டருக்கு மேல இருக்கறவ. உன் ஆட்சேபம் செல்லாது" என்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அதுதான் இந்தக் கதை. சாப்பாட்டு இடைவேளையில் கையைக் கழுவிவிட்டு வந்து, அன்று திருப்பி அனுப்பிய மனுக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, தன் சொந்த நோட்டில் எழுதுவார். பெயர் எழுத மாட்டார், முகவரி எழுத மாட்டார். அது துறை ரகசியம். என்ன தொழில், எந்த விஷயம், ஏழாவது கட்டத்தில் என்ன போட்டிருந்தார், திருப்பிய தேதி. அவ்வளவுதான். நோட்டு தீர்ந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து துணி அலமாரியின் மேல் தட்டில் போட்டுவிடுவார்.

"எதுக்கு அண்ணி இந்த வெட்டி வேலை? யாரு கேட்டா?" என்றேன் ஒருநாள்.

"யாரும் கேக்கல. ஆனா திருப்பி அனுப்பிட்டா அந்தக் கடுதாசி வந்த மாதிரியே இல்லாம போயிடுதுடி. வந்துச்சே! என் கையாலதானே பிரிச்சேன்" என்றார். எழுதாமல் விட்டால் கை அரிக்குமாம்.

இனி அண்ணன் மனு. அண்ணன் பஸ் டிரைவர். விடிகாலை ஷிப்ட் முடிந்து ஒரு மணிக்கு வண்டியை விட்டதும் நேரே ஆற்றுக்குப் போவார். பாலத்துக்குக் கீழே ஆறு வளையும் இடத்தில் ஒரு மடு. பத்து வயதிலிருந்து அதில்தான் நீந்துகிறார். காலெல்லாம் கிளட்சு மிதித்து மரத்துப்போன மனுஷன், தண்ணீரில் இறங்கினால் சின்னப் பிள்ளை ஆகிவிடுவார். அந்த வளைவில் மணல் அள்ள ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. அறிவிப்பைப் பார்த்த அண்ணன் அண்ணியிடம் மூச்சுவிடாமல் படிவம் வாங்கி நிரப்பி அனுப்பிவிட்டார். ஏழாவது கட்டத்தில் 'நீந்துபவர்' என்று எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை தபாலில் அது அண்ணி மேசைக்கு வந்தது. கையெழுத்து தெரியாதா என்ன? பதினைந்து வருஷமாகப் பார்க்கிற கையெழுத்து. அண்ணி முத்திரையை எடுத்தார், குத்தினார். அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவரவில்லை. விதிப்படி உறையில் போட்டு, எங்கள் வீட்டு முகவரியை எழுதி, தபாலில் சேர்த்துவிட்டார்.

சனிக்கிழமை அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தபால்காரர் வந்தார். அண்ணன் பிரித்தார், படித்தார், மடித்து அண்ணியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை. எல்லாம் என் வழியாகத்தான் நடந்தது.

"உங்க அண்ணிகிட்ட சொல்லு, குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு."

"என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லண்ணா. நான் சம்பந்தப்பட்டவ இல்ல" என்றேன். அடிக்காத குறை.

ஐந்தாம் நாள் அண்ணியே இறங்கி வந்தார். "நூறு பேருக்கு இல்லன்னு சொல்லிட்டு உங்களுக்கு மட்டும் உண்டுன்னு நான் எப்படிங்க சொல்றது?" அன்றே அண்ணன் குழாயைச் சரிசெய்தார். கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது, மணல் போனது. மடு இருந்த இடத்தில் காவி நிறத்தில் ஒரு பள்ளம். அண்ணன் இருபது நிமிஷம் கூடுதலாக நடந்து அடுத்த வளைவில் நீந்தத் தொடங்கினார். ஈரத் துண்டோடு வந்து, "இன்னிக்கும் இருபது நிமிஷம்" என்று அண்ணி காதில் விழும்படி சொல்வார். ஒன்பது வருஷம் சொன்னார்.

இதற்கிடையில் ஒரு கோடையில் ஆறு ஆரஞ்சு நிறமானது. மூன்று நாள். மேலே ஏதோ ஆலையின் தொட்டி உடைந்திருந்தது. ஊரே திரண்டுபோய்க் கேட்டது. நீர்த் துறை, அது ஆலைத் துறை சமாசாரம் என்றது. ஆலைத் துறை மண் வாரியத்தைக் காட்டியது. மண் வாரியம் எங்கள் திட்டத் துறையைக் காட்டியது. திட்டத் துறை, ஆலை கட்டுவதற்குத்தான் அனுமதி கொடுத்தோம், உடைவதற்கு இல்லை என்றது. தண்ணீருக்கு ஒரு சட்டம், மண்ணுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, சுரங்கத்துக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று மொத்தம் ஐம்பத்து நாலு சட்டங்கள் இருக்கின்றன, ஆறு செத்தால் கேட்க ஒரு நாதியில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

அடுத்த வருஷம் தேர்தல். எதிர்க்கட்சி அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: நிலம், நீர், காற்று, வளம் அனைத்துக்கும் ஒரே சட்டம். ஒன்பதாம் பக்கம் வரை யார் படிப்பார்கள்? அண்ணி படித்தார். பென்சிலால் அடிக்கோடு போட்டார். அந்தக் கட்சி ஜெயித்தது. பலர் அந்த வரியை மறந்துவிட்டார்கள். ஆனால் சுற்றுச்சூழல் மந்திரி மறக்கவில்லை. நிதித் துறையும் மறக்கவில்லை. இதுதான் வேடிக்கை. மந்திரிக்கு ஆறு பிழைக்க வேண்டும். நிதித் துறைக்கு ஐம்பத்து நாலு அனுமதிக்குப் பதில் ஒரே அனுமதி வந்தால் தொழில் சட்டென்று நடக்கும். கிழக்கே போகிறவரும் மேற்கே போகிறவரும் ஒரே பஸ்ஸில் ஏறின கதைதான். எந்த நிறுத்தத்தில் யார் யாரைத் தள்ளிவிடுவார் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

சட்டத்தை எழுத ஒரு குழு போட்டார்கள். தலைவி, ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர். நிதித் துறை சார்பில் ஓர் ஆலோசகர். எதைப் பார்த்தாலும் வெட்டச் சொல்வார் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். கூட்டக் குறிப்பு எழுத நல்ல கையெழுத்து உள்ளவர் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் ஸ்டாம்பம்மாவை அனுப்பினார்கள்.

குறிப்பு எழுதுபவர் பேசக் கூடாது. அண்ணி மேசையின் ஓரத்தில், தண்ணீர்க் குவளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டு மாதம் வாய் திறக்காமல் எழுதினார். கேள்விகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. கடைசியில் ஒரே ஒரு கேள்வி நின்றது: புதுச் சட்டத்தில் யார் ஆட்சேபிக்கலாம்? தலைவி 'எவரும்' என்று எழுத விரும்பினார். கத்தரி அண்ணியின் பிரிவுப் பதிவேட்டையே வரவழைத்து மேசையில் போட்டார்.

"பதினேழு வருஷத்துல முந்நூத்திப் பன்னெண்டு ஆட்சேபம். அத்தனையும் நிலக்காரங்க. வேற யாரும் கேக்கவே இல்லையே. கேக்காத உரிமையை எதுக்குங்க குடுக்கணும்?"

புத்தகம் கண்ணெதிரே இருக்கிறது, எண் சரியாக இருக்கிறது, என்ன பேசுவது? அண்ணி அதையும் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று தட்டைத் தொடவில்லை. நான் நச்சரித்து நச்சரித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. கேட்டதும் அண்ணன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் கேட்டேனே" என்றார்.

மூன்று வார்த்தைகூட இல்லை. அண்ணி அவரைப் பார்த்தார். அப்புறம் எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரி மேல்தட்டிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். பதினொரு நோட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எண்ணினோம். நாலாயிரத்து நூற்று அறுபத்து எட்டு. எண்ணுவதைவிடப் படிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. 'மீன் விற்பவர். புது வடிகால் வந்தபின் மீனில் மண்ணெண்ணெய் நாற்றம். சம்பந்தம்: அதைத்தான் விற்கிறேன்.' 'பள்ளி வகுப்பு, நாற்பத்தொரு பேர். சாலையோர மரம். சம்பந்தம்: நிழல்.' 'கண் தெரியாதவர். குவாரி வெடி. சம்பந்தம்: சத்தத்தை வைத்துத்தான் வழி நடப்பேன்.' வம்புக்கென்றே பிறந்த நான் அன்று ஒரு கிண்டல் கூடச் செய்யவில்லை.

நாலாவது நோட்டில் அண்ணன் நின்றுவிட்டார். 'பஸ் டிரைவர். ஆற்று வளைவில் மணல். சம்பந்தம்: நீந்துபவர்.' விரலை அந்த வரி மேல் வைத்தார். "இதுல நான் இருக்கேன்" என்றார். ஒன்பது வருஷமாக, தன்னைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள் என்றே நினைத்திருந்த மனுஷன்.

அவர்தான் நோட்டுகளை மூடி அடுக்கினார். "வேண்டாம்மா. மேலயே போட்டுடு" என்றார்.

"ஏங்க?"

"ஆபீஸ் விஷயத்தை வீட்டுல எழுதி வச்சிருக்கேன்னு நீயே போய்ச் சொல்லப்போறியா? சீட்டைக் கிழிச்சுடுவாங்க. ரெண்டு வருஷம்தான் இருக்கு, ஓய்வூதியம் போயிடும். ஆறு போனா போகட்டும். நான் நடந்துக்கறேன்."

இருபது நிமிஷத்தை ஒன்பது வருஷமாகக் குத்திக்காட்டிய அதே வாய்தான் இதைச் சொன்னது. அண்ணி நோட்டுகளைத் துணிப்பையில் போட்டு, பொத்தான் அறுந்திருந்த இடத்தில் ஊக்கு குத்தினார். அவர் முடிவெடுத்துவிட்டால் அப்படித்தான். பக்கத்தில் இருப்பதைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார்.

ஆனால் பேசக் கூடாதவர் எப்படிப் பேசுவது? நான் என்னென்னவோ யோசனை சொன்னேன். பேப்பருக்கு எழுதுங்கள், மந்திரி வீட்டு வாசலில் நில்லுங்கள் என்றெல்லாம். "சும்மா இரு வாயாடி. எனக்கு ஒரு இடம் இருக்கு" என்றார்.

இருந்தது. எந்தக் கூட்டமும் சென்ற கூட்டத்தின் குறிப்பைப் படித்து ஏற்றுக்கொண்டுதான் தொடங்கும். படிப்பவர் குறிப்பு எழுதியவர். அதில் பிழை இருந்தால் திருத்தம் சொல்லலாம். குறிப்பு எழுதுபவருக்கு வாய் இருக்கும் ஒரே இடம் அது. அடுத்த கூட்டத்தில் அண்ணி எழுந்து நின்று ஒரு வரி விடாமல் படித்தார். 'வேறு எவரும் கேட்கவில்லை' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதுல ஒரு பிழை இருக்குங்க."

"நான் சொன்னது அதுதானே?" என்றார் கத்தரி.

"நீங்க சொன்னது அதுதான். நான் எழுதினதும் சரி. எண்ணுதான் தப்பு. திருப்பி அனுப்பினது பதிவேட்டுல வராதுங்க. அது நாலாயிரத்து நூத்தி அறுபத்தெட்டு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் திருப்பி அனுப்பினேன்." ஊக்கைக் கழற்றிப் பதினொரு நோட்டையும் மேசையில் வைத்தார். "எழுதி வச்சிருக்கேன்."

"யார் அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கலங்க."

கத்தரி ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினாராம். பக்கம் பக்கமாகத் தள்ளியவர், மெதுவாகப் படிக்கத் தொடங்கினாராம். ஓரிடத்தில் புருவத்தைத் தூக்கி, "சம்பந்தம், நீந்துபவர். இப்படியெல்லாமா எழுதுவாங்க? யாருங்க இது?" என்றார்.

"அது எங்க வீட்டுக்காரர்."

"அவர் மனுவையும் திருப்பி அனுப்பிட்டீங்களா?"

"விதிப்படி அனுப்பணும்ல?"

தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாராம். கத்தரி சிரிக்கவில்லை. அவரைப் பற்றி நான் ஆயிரம் சொல்லியிருக்கிறேன். இதையும் சொல்லிவிட வேண்டும். அவர் எண்ணை நம்புகிறவர். நோட்டை மூடிவைத்துவிட்டு, "எண்ணு தப்புன்னா நான் சொன்னதும் தப்புதான். எவரும்னே போடுங்க. ஆனா இருபது வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு கெடு வையுங்க" என்றார். அன்றைய குறிப்பில் இதெல்லாம் இல்லை. அண்ணி தன் கையால் எழுதியது ஒரே வரி: 'எழுத்தர் ஒரு திருத்தம் கூறினார். ஏற்கப்பட்டது.'

துறை சும்மா விடுமா? விளக்கம் கேட்டு ஓலை வந்தது. குழுவிலிருந்து நீக்கினார்கள். பெயரும் முகவரியும் எழுதாததால் வேலை தப்பியது. ஆனால் அடித்தளத்தில் காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஜன்னலே இல்லாத இடம். "குழாய் தெரியாது, நல்லதுதான்" என்றார் அண்ணி. நூல்கண்டும் பசை டப்பாவும் எண்ணிக் கொடுத்துக்கொண்டு பதினான்கு மாதம் அங்கே இருந்தார். சாயங்காலம் வரும்போது முகம் மங்கித்தான் வரும். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

அதற்குள் அந்த அரசாங்கம் கவிழ்ந்தது. சட்டம் இன்னும் பாதி வழியில். புதிதாக வந்தவர்கள் அதைக் கிழித்துப் போடுவார்கள் என்றே நாங்கள் நினைத்தோம். கிழிக்கவில்லை, அவர்களுக்கும் ஒரே அனுமதி பிடித்திருந்தது. ஆனால் வரி வரியாக வெட்டினார்கள். 'எவரும்' என்ற சொல்லுக்கு வந்தபோது, இது எதற்கு என்று கேட்டு நிதித் துறைக்குக் கோப்பு போனது. கத்தரி அங்கேயேதான் இருந்தார், மந்திரிகள்தானே மாறுவார்கள். அவர் ஓரத்தில் எழுதிய பதில் ஒரு எண் மட்டும் என்று பிற்பாடு தெரிந்தது: 4168. சொல் தப்பியது. சட்டம் நிறைவேறியது.

அமலுக்கு வருவதற்கு முந்தைய வாரம் ஆட்சேபப் பிரிவில் கலவரம். யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்றால் எவ்வளவு வரும், எப்படி வாங்குவது, எப்படிப் பதிவது? கடைசியில் அடித்தளத்துக்கு ஆள் அனுப்பி ஸ்டாம்பம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவர் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

முதல் நாள் திங்கட்கிழமை. அண்ணன் விடுப்பு எடுத்தார். அவர் இப்போது நீந்துகிற வளைவிலும் அதே கம்பெனி மணல் கேட்டிருந்தது. "தபால்ல போடலாமே" என்றேன். "வேண்டாம். அதுக்கு வீட்டுக்குத் திரும்பி வர்ற வழி பழகிப்போச்சு" என்றார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

வரிசையில் அவர் நாலாவது. அண்ணி தலையைத் தூக்கவில்லை. மனுவை வாங்கினார், இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கையெழுத்து இல்ல. போடுங்க."

அண்ணன் அசடு வழியப் போட்டார். புதுப் படிவத்தில் ஏழாவது கட்டம் இல்லை. பழைய சிவப்பு முத்திரை மேசையிலேயே இல்லை. அண்ணி பதிவேட்டைத் திருப்பி, விரலைப் பஞ்சில் நனைத்து, நாலாம் எண்ணுக்கு நேரே எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்து, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

அண்ணன் நகராமல் நின்றார். பின்னால் நின்ற அம்மாள் இடித்த பிறகுதான் விலகினார். வீடு வரும்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அண்ணி செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் மறித்தார்.

"என்னை யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல நீ."

அண்ணி பையைக் கீழே வைத்தார். களைப்பில் சிவந்திருந்த கண் இன்னும் கொஞ்சம் சிவந்தது.

"கேக்கக் கூடாதுன்னுதானேங்க இத்தனையும்" என்றார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, அண்ணியின் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.